‘பார்மட் அடிச்சிடலாமா?’ என்று கேட்பதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில், புதுக் கணினி வாங்க வசதியில்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ‘நிறுவிக்கொள்ளலாம்’ என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எந்த ஓ.எஸ். (கணினியை இயக்கும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற அடிப்படை மென்பொருள்) போடுவது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதை எப்படிப் போடுவது என்று யாரும் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் பொருள் போவதும் மிஞ்சுவதும் அந்த ‘எப்படி’யில்தான் இருக்கிறது.

நான் அறந்தாங்கியில் தட்டச்சு நிலையம் நடத்துகிறேன். 1990-ல் லோயர், ஹையர் இரண்டும் தமிழில் முடித்து, ரெமிங்டன் மிஷினில் மனு அடித்துக் கொடுக்க ஆரம்பித்தவள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், சங்க அறிக்கை, பட்டா மாறுதல் விண்ணப்பம் என்று வேலை மாறியது. இப்போது கடையில் இருப்பது 2016-ல் வாங்கிய ஐ3 கணினி. ஆறாம் தலைமுறை ப்ராசசர், 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோதான் கேட்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும் என்கிறது. ஆக என் கணினிக்கு வாசல் சாத்தியாகிவிட்டது. 2025 அக்டோபர் 14-க்கு அப்புறமும் கணினி வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இனி வராது. இது தெரியாமல் ‘இனி கம்ப்யூட்டரே ஆன் ஆகாதாமே’ என்று கேட்டு நாலைந்து பேர் என் கடைக்கு வந்துவிட்டார்கள்.

என் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2014 ஏப்ரலில் விண்டோஸின் பழைய பதிப்பான எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. அடுத்த மாதம், எனக்கு வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் தம்பி வந்து, “எக்ஸ்பி செத்துப்போச்சுக்கா, செவன் போட்டுடலாம். டி டிரைவ்ல இருக்கிறது அப்படியே இருக்கும்” என்றார். நானும் தலையாட்டினேன். விண்டோஸ் இருக்கும் சி டிரைவைப் பார்மட் செய்து, அதாவது மொத்தமாகத் துடைத்து, முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்து, புது வால்பேப்பரோடு திரை பளிச்சென்று வந்தது. அந்த வெறுமையைப் பார்த்ததும்தான் எனக்கு அடிவயிறு கலங்கியது. டெஸ்க்டாப்பில் ‘கும்பாபிஷேகம்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்ததே, எங்கே?

பக்கத்துக் கிராமத்துக் கோவிலின் குடமுழுக்கு மலர் அது. 148 பக்கம். தலபுராணம், திருப்பணி வரலாறு, அப்புறம் நன்கொடையாளர் பட்டியல். கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்பது இத்தனை வருடம் கம்ப்யூட்டரில் பிழைத்தவளுக்கு அன்றுவரை தெரியாது. மை டாக்குமென்ட்ஸும் அங்கேதான், டவுன்லோட்ஸும் அங்கேதான்.

நல்லவேளையாக, புரூஃப் பார்க்க எடுத்த பிரிண்ட் தர்மகர்த்தா வீட்டில் இருந்தது. அதை வாங்கிவந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து திரும்ப அடித்தேன். தலபுராணம்கூடப் பரவாயில்லை. நன்கொடைப் பட்டியலில் ஒரு சைபர் குறைந்தால் ஊரே இரண்டாகிவிடும். பக்கத்தில் என் கணவர் உட்கார்ந்து பெயரையும் தொகையையும் சத்தமாகப் படிக்க, நான் அடிக்க, அடித்ததைத் திரும்ப நான் படிக்க அவர் சரிபார்க்க, பத்தொன்பது ராத்திரி.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. டி டிரைவில் இருந்த பத்திரிகைகள் பத்திரமாகத்தான் இருந்தன. திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ வந்தது. நாங்கள் அப்போது அடித்ததெல்லாம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் கிடையாது. அந்த எழுத்துருக் கோப்புகள் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்தில் இருந்து, பார்மட்டோடு போய்விட்டன. பட்டுக்கோட்டையில் தெரிந்த கடை ஒன்றிலிருந்து சி.டி.யில் வாங்கிவந்து போட்ட பிறகுதான் மணமக்கள் பெயர் தமிழுக்குத் திரும்பியது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, பார்மட்டுக்கு முன்னால் போட்டோவைக் காப்பி எடுக்கிறீர்களோ இல்லையோ, ஃபான்ட்ஸை எடுங்கள் என்றுதான். டி.டி.பி., அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை செய்பவர்களுக்கு இது புரியும்.

பிற்பாடு தெரிந்துகொண்ட ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. எக்ஸ்பியிலிருந்து செவனுக்கு அப்படியே மேலேற்ற வழியில்லை, புதிதாகத்தான் போட வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பார்மட் செய்தே ஆக வேண்டும் என்றில்லை. பழைய பார்ட்டிஷனிலேயே (டிஸ்க்கில் பிரித்த பகுதி) பார்மட் பண்ணாமல் போட்டால், செட்டப்பே பழைய சாமான்களையெல்லாம் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டரில் மூட்டை கட்டி வைத்துவிடும். இடம் மட்டும் போதுமான அளவு இருக்க வேண்டும். என் குடமுழுக்கு மலர் அந்த மூட்டைக்குள் பத்திரமாக இருந்திருக்கும். மெக்கானிக் தம்பியைத் திட்ட எனக்கு மனசில்லை. ஒரு கணினிக்கு அவருக்குக் கிடைத்தது முன்னூறு ரூபாய். வாசலில் இன்னும் மூன்று கணினி காத்திருந்தன. அந்த அவசரத்தில் சீக்கிரமாக முடியும் வழி பார்மட்தான்.

தவிர, விண்டோஸ் செட்டப்பில் எங்கே நிறுவுவது என்று கேட்கும் பக்கம் வரும்போது சி, டி என்று எழுத்தே வராது. ‘டிரைவ் 0 பார்ட்டிஷன் 1’, ‘டிரைவ் 0 பார்ட்டிஷன் 2’ என்றுதான் வரும். எது சி, எது டி என்று அளவைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால்? அதனால்தான் நான் இப்போது ஒவ்வொரு டிரைவும் எத்தனை ஜி.பி., அதில் எத்தனை காலி என்று ஒரு சீட்டில் எழுதிக் கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். பெயரும் கொடுத்து வைத்திருக்கிறேன். என் டி டிரைவின் பெயர் ‘தொடாதே’.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன்.

இந்த முறை மெக்கானிக்கிடம் போகாமல், கோயம்புத்தூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் அக்கா மகனிடம் போனில் கேட்டுக்கேட்டு நானே செய்வது என்று முடிவெடுத்தேன். அவனுக்கும் இதில் ஒரு பழைய காயம் உண்டு. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது அவனுக்கு ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸும் இருக்கும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருக்கும். ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். அந்த வயதில் அவனுக்குப் பாஸ் எதற்கு? படம் ஏற்றி வைக்க இடம் போதவில்லை என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டான். மறுநாள் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று இரண்டு சொல். விண்டோஸும் வரவில்லை, லினக்ஸும் வரவில்லை. எதைத் திறப்பது என்று கேட்கும் அந்த வாசல்காரனே லினக்ஸ் பக்கத்தில்தான் குடியிருந்தான் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு வாரம் அழாத குறை. “சித்தி, அந்தக் கறுப்புத் திரைதான் என்னை கம்ப்யூட்டர் படிக்க வெச்சது” என்று இப்போதும் சொல்வான்.

அவன் முதலில் சொன்னது, அவசரப்படாதீர்கள் என்பது. விண்டோஸ் 10-க்கு இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வாங்கிக்கொள்ள ஒரு ஏற்பாடு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து, அமைப்புகளை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசு கிடையாது. அதில் சேர்ந்துகொண்டேன். கழுத்தில் கத்தி இல்லாமல் யோசிக்க ஒரு வருடம் கிடைத்தது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தெரிந்திருந்தால் பாதிப் பேருடைய பதற்றம் அடங்கியிருக்கும்.

அடுத்ததாக, டிபிஎம் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐயே உள்ளே தள்ளிவிடும் குறுக்குவழி. எங்கள் ஊரில் இரண்டு பேர் அப்படிப் போட்டிருக்கிறார்கள், ஓடுகிறது. ஆனால் தகுதியில்லாத கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு உறுதி கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. திருத்தம் வரவில்லை என்பதற்காகத்தான் மாறுகிறோம். வருமா வராதா என்று தெரியாத இடத்துக்கு எதற்கு மாற வேண்டும்? ‘ஆக்டிவேட்டர்’ போட்ட திருட்டு விண்டோஸைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஊரார் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் நான் அடிக்கும் மனுக்களில் இருக்கின்றன. எவனோ எழுதிய ஆக்டிவேட்டரை என் கணினியில் குடிவைக்க முடியாது.

ஆக லினக்ஸ். அக்கா மகன் சொன்ன, லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை இறக்கினேன். மூன்று ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவு. அதை பாட்டை காப்பி செய்வதுபோல பென் டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு, ஆன் ஆகவில்லையே என்று அரை நாள் முழித்தேன். அப்படிச் செய்யக் கூடாதாம். ரூஃபஸ் என்று ஒரு சின்ன மென்பொருள் வைத்து எழுத வேண்டுமாம். அது எழுதும்போது பென் டிரைவில் ஏற்கனவே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். எச்சரிக்கை ஒன்று வரத்தான் செய்தது. படிக்காமல் ஓகே கொடுத்தேன். அதில் இருந்த என் பெண்ணின் வளைகாப்பு போட்டோக்கள் போயின. வாட்ஸ்அப்பில் இருந்ததால் தப்பித்தேன். இத்தனைக்கும் நான் 2014-ல் சூடு பட்டவள்.

அப்புறம் ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று ஒரு பட்டியல் வந்தது. சில கணினிகளில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். பட்டியலில் என் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை இருந்தது. ஒன்றின் முன்னால் ‘யுஇஎஃப்ஐ’ என்று, கணினி தொடங்கும் புது முறையின் பெயர் போட்டிருந்தது, மற்றதில் இல்லை. இதில் எதைத் தொட்டாலும் வேலை நடக்கும், அதுதான் ஆபத்து. உள்ளே இருக்கும் விண்டோஸ் எந்த முறையில் போடப்பட்டதோ அதே முறையில்தான் இதையும் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போய்விடும். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறந்தால் ‘பயாஸ் மோட்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து சரியானதைத் தேர்ந்தெடுத்தேன்.

இதற்கு அப்புறம் வருவதுதான் எல்லாரும் தாவிப் போய்விடும் இடம். லினக்ஸை நிறுவாமலே, பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கை நாமாகத் தொட்டாலொழிய அது தொடாது. சேலை எடுக்கப் போனால் தோளில் போட்டுப் பார்க்காமல் யாராவது பில் போடுவார்களா? நான் நாலு நாள் அப்படி ஓட்டினேன். கொஞ்சம் மந்தம்தான், பென் டிரைவிலிருந்து வருவதால். வைஃபை உடனே பிடித்தது. ஸ்கேனர் வேலை செய்தது. தமிழுக்கு என்ன செய்வது என்று பார்த்தால், விசைப்பலகைகளின் வரிசையில் தமிழ்99, ஃபோனெடிக் இவற்றோடு தட்டச்சுப்பொறி விசைப்பலகையும் இருந்தது. முப்பத்தைந்து வருடமாகத் தட்டச்சில் ஊறிய விரலுக்கு அந்த வரியைப் பார்த்ததும் எவ்வளவு நிம்மதி என்று தமிழ்99 பழகிய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. பாமினி எழுத்துருக் கோப்பையும் போட்டுப் பார்த்தேன். பழைய கோப்பின் எழுத்து ஒழுங்காகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் பிரிண்டரைச் செருகினேன். 2011-ல் வாங்கிய லேசர் பிரிண்டர், எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டாம். கணினி அதன் பெயரைச் சரியாகச் சொன்னது. பிரிண்ட் கொடுத்தேன். பச்சை விளக்கு இரண்டு முறை மினுக்கியது. அவ்வளவுதான், தாள் வரவில்லை. அக்கா மகன் வீடியோ காலில் ஒரு மணி நேரம் என்னென்னவோ அடிக்கச் சொன்னான். விளக்கு மினுக்கியதே தவிர தாள் அசையவில்லை.

என் கடைக்குச் சோறு போடுவது அந்த பிரிண்டர். இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்தன. பத்திரிகை வேலைக்கு நான் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்தான். பழைய கோப்பு பத்தாயிரத்துக்கு மேல் அதில் கிடக்கிறது. அது விண்டோஸ் மென்பொருள். ஒப்பந்ததாரர் ஒருவர் டெண்டர் போட வருவார். அவருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவர் மென்பொருளை நான் விண்டோஸில்தான் போட்டு வைத்திருக்கிறேன். ஆக ‘விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போடுங்கள்’ என்ற யோசனை என் கடைக்குச் சரிப்படாது என்று பைசா செலவில்லாமல் நாலு நாளில் தெரிந்துவிட்டது. நேரே நிறுவியிருந்தால், மொத்தத்தையும் துடைத்த பிறகு அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்போது அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

நிறுவத் தொடங்கினால் மொழி, விசைப்பலகை எல்லாம் கேட்டுவிட்டு, எங்கே நிறுவுவது என்று ஒரு பக்கம் வரும். விண்டோஸ் இருக்கும் கணினி என்றால் பெரும்பாலும் மூன்று வரி. ஒன்று, விண்டோஸின் பக்கத்திலேயே இதையும் நிறுவு. இன்னொன்று, டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு. கடைசியாக, வேறு ஏதாவது. மூன்றுக்கும் ஒரே மாதிரி சின்ன வட்டம், ஒரே அளவு எழுத்து. ‘டிஸ்க்கை அழித்து’ என்றால் டிஸ்க் முழுவதும்: சி, டி, ‘தொடாதே’ எல்லாம். டி டிரைவ் தனி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். சியும் டியும் ஒரே தட்டில் போட்ட இரண்டு கூறு சாதம். தட்டையே கழுவு என்று சொன்னால் இரண்டும்தான் போகும்.

‘பக்கத்திலேயே’ என்பதைத் தேர்ந்தால் ஒரு பட்டை வரும், நடுவில் ஒரு கோடு. கோட்டை இழுத்து இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு என்று பங்கு பிரிக்கலாம். லேப்டாப்பில் டிஸ்க் ஒன்றுதான் என்பதால் பெரும்பாலோருக்கு இதுதான் வழி. அதிலும் விண்டோஸின் பங்கை, விண்டோஸுக்குள் இருந்தே ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் குறைத்துவிட்டு வருவது நல்லது என்கிறான் அக்கா மகன். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும், அந்த நிலையில் அதன் டிஸ்க்கில் கைவைக்கக் கூடாது. அதை முதலில் அணைக்க வேண்டும். எங்கள் தெரு ஆசிரியை ஒருவர் லேப்டாப்பில் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தது, பிட்லாக்கர் என்கிறார்கள். 48 இலக்கச் சாவி ஒன்று கேட்டது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பார்த்தால் இருந்தது. அதை ஒரு தாளில் எழுதி வைத்த பிறகுதான் மேற்கொண்டு எதையும் தொட்டேன்.

என்னுடையது டெஸ்க்டாப் என்பதால் எனக்கு இன்னொரு வழி கிடைத்தது. பங்கும் வேண்டாம், பாகமும் வேண்டாம் என்று 240 ஜி.பி.யில் ஒரு எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான டிஸ்க்) வாங்கினேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக் கதவை அரைவாசி இறக்கிவிட்டு, கேபினட்டைத் திறந்தேன். உள்ளே கைப்பிடித் தூசி, இரண்டு பல்லிமுட்டை ஓடு. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தேன். சி.டி. டிரைவை யாரும் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் போகும் டேட்டா வயரையும் பவர் வயரையும் பிடுங்கி எஸ்.எஸ்.டி.யில் மாட்டினேன். வைக்க இடமில்லாததால் கேபினட்டின் உள்சுவரில் இருபக்க டேப் போட்டு ஒட்டினேன்.

அடுத்துச் செய்ததுதான் முக்கியம். பழைய ஹார்ட் டிஸ்க்கின் வயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தால் அந்தப் பக்கத்தில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வரும். எது எது என்று திரும்பவும் அளவைப் பார்த்து ஊகிக்கிற வேலை. இப்போது உள்ளே இருப்பது காலியான டிஸ்க் ஒன்று மட்டும். ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்ற வரியை வாழ்க்கையில் முதல்முறையாகக் கை நடுங்காமல் தொட்டேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. அணைத்துவிட்டு பழைய டிஸ்க்கையும் மாட்டினேன். ஆன் செய்தால் லினக்ஸ். எஃப்12 அழுத்தினால் விண்டோஸ். ஒன்றின் சட்டியில் மற்றது கரண்டி விடாது. நாளைக்கு எனக்கு லினக்ஸ் பிடிக்கவில்லை என்றால் எஸ்.எஸ்.டி.யின் வயரை உருவினால் போதும். கறுப்புத் திரை வராது.

ஒரே ஒரு கூத்து. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கடை திறந்து விண்டோஸுக்குப் போனால், கடிகாரம் விடியற்காலை நாலு மணி என்றது. சரிசெய்தேன். லினக்ஸுக்குப் போய்விட்டுத் திரும்பினால் மறுபடி ஐந்தரை மணி நேரம் பின்னால். மதர்போர்டில் இருப்பது ஒரே கடிகாரம். அதில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் நாட்டுக்கு வித்தியாசம் ஐந்தரை மணி. ஒரே ஒரு கட்டளையை லினக்ஸில் அடிக்கச் சொன்னான், அடித்தேன், தீர்ந்தது. ஆனால் அதற்குள் ஒரு வாடிக்கையாளருக்கு விடியற்காலை 4.25-க்கு ரசீது போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் இன்னும் கேலி செய்கிறார்.

இப்போது இணையம், மின்னஞ்சல், யூனிகோடில் அடிக்கும் மனு, கணக்கு எல்லாம் லினக்ஸில். பேஜ்மேக்கர், டோக்கன், பிரிண்ட் மூன்றுக்கும் விண்டோஸ். அந்தப் பக்கம் போகும்போது முடிந்தவரை இணையத்தைத் துண்டித்துவிடுகிறேன். டோக்கன் வேலைக்கு மட்டும் வேறு வழியில்லை. விண்டோஸையே லினக்ஸுக்குள் ஒரு ஜன்னலில் ஓட்டலாம் என்கிறான். அதற்கு என் 4 ஜி.பி. ரேம் காணாது. தை மாத முகூர்த்த வேலை முடிந்து கையில் காசு நின்றால் பார்க்கலாம்.

என் வழிதான் சரி என்று சொல்ல வரவில்லை. படம் பார்க்க, பேப்பர் படிக்க மட்டும் கணினி வைத்திருக்கும் பெரியவருக்கு மொத்தத்தையும் துடைத்துவிட்டு லினக்ஸ் மட்டும் போடுவதுதான் நிம்மதி, இரண்டு ஓ.எஸ். அவருக்கு இம்சை. விண்டோஸே மந்தமாகிவிட்டது, வேறொன்றும் வேண்டாம் என்பவர், அமைப்புகளில் இருக்கும் ‘ரீசெட்’டில் கோப்புகளை வைத்துக்கொள் என்ற வரியைத் தேர்ந்தால் போதும், மென்பொருள்கள் போகும், கோப்புகள் இருக்கும். காப்பி மட்டும் எந்த வழிக்கும் முதலில் எடுத்தாக வேண்டும். ஆளுக்கு ஆள் வழி வேறு. ஆனால் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் எல்லாருக்கும் ஒரே கேள்விதான் வருகிறது: “பார்மட் அடிச்சிடலாமா?” அதற்குப் பதிலாக, டெஸ்க்டாப்பில் என்ன இருக்கிறது, என்ன பிரிண்டர் வைத்திருக்கிறீர்கள், எந்த எழுத்துருவில் அடிக்கிறீர்கள் என்று மூன்றே கேள்வி கேட்கும் மெக்கானிக்குக்கு நான் முன்னூறுக்கு ஐந்நூறாகவே கொடுப்பேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, கட்டுரையோடு எப்போதும் போடும் அந்த நீல ஜன்னல் சின்னத்தையும் பெங்குவின் படத்தையும் விட்டுவிட்டு, ‘எங்கே நிறுவுவது’ என்று கேட்கும் அந்த ஒரு பக்கத்தை நாலு பத்தி அகலத்துக்குப் பெரிதாகப் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே, இதைத் தொட்டால் எது போகும், எது இருக்கும் என்று தமிழில் எழுதுங்கள். வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
தட்டச்சு நிலையம் நடத்தும் வாசகி,
அறந்தாங்கி.

பி.கு.: இந்தக் கடிதத்தை லினக்ஸில்தான் அடித்தேன். தபாலில் அனுப்ப பிரிண்ட் எடுப்பதற்காக மட்டும் எஃப்12 அழுத்தி விண்டோஸுக்குப் போய்வந்தேன். மணி சரியாகவே காட்டியது.